'பிகில்' படமும் நம் பிள்ளைகளும்



சினிமா பார்ப்பது பாவமா சுவாமி என்று கேட்பவர்கள் உண்டு. 11-ம் பத்திநாதர் பாப்பானவர் 1936-லேயே சினிமாவைப் பற்றித் தனி நிருபம் எழுதினார். நன்மைக்கும் கேட்டுக்கும் உதவும் கருவி அது, விழிப்பாயிருங்கள் என்பதே அதன் சாரம். விழிப்பாயிருக்க வேண்டுமானால் படத்தைப் பற்றிப் பேசவும் வேண்டுமல்லவா?

2019 தீபாவளிக்கு வந்த 'பிகில்' படத்தை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பலமுறை பார்த்திருப்பார்கள். அட்லி இயக்கியது. விஜய் தகப்பனாகவும் மகனாகவும் வருகிறார். தகப்பன் பெயர் ராயப்பன், மகன் பெயர் மைக்கேல். பெயர்களைக் கேட்டதும் எனக்கு ஆசை பிறந்தது. (அர்ச். இராயப்பரின் பெயரைத் தாதாவுக்கு வைத்தது வேறு விஷயம்!)

மைக்கேல் பெண்கள் கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சியாளராகிறான். புகுந்த வீட்டார் தடுக்கும் ஒரு பெண்; அமிலம் வீசப்பட்ட முகத்தோடு ஒடுங்கிக் கிடக்கும் இன்னொரு பெண். நல்ல விதைகள். ஆனால் ஏறக்குறைய மூன்று மணி நேரப் படத்தில் பெண்களின் பயிற்சியை விடக் கதாநாயகனின் சண்டையே மிகுதி.

என்னை வருத்தியது ஒரு காட்சி. பருமனான ஆட்டக்காரியை எல்லார் முன்பாகவும் "குண்டம்மா" என்று பயிற்சியாளன் ஏளனம் செய்கிறான். அவள் ரோஷங்கொண்டு ஆடுகிறாள். கொட்டகையில் கைதட்டல்!

நான் கைதட்டவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஞானோபதேச வகுப்பில் ஒரு பையனை அவன் உடம்பைச் சொல்லிக் கேலி செய்தேன். எல்லாரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. வீடு தேடிப் போனேன். அறையை விட்டு வெளியே வரவில்லை. ரோஷம் சினிமாவில்தான் கோல் போடுகிறது.

அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், 9-ம் அதிகாரத்தில், பந்தய வீரனை உவமையாக்குகிறார். அங்கே அவர் அடக்குவது தம்முடைய சரீரத்தை. பிறர் சரீரத்தைப் பழிக்கவில்லை. அமெரிக்காவில் தெலசால் சகோதரர்களின் பள்ளியொன்று 1992 முதல் 2004 வரை அந்நாட்டுக் கால்பந்தில் தொடர்ந்து 151 ஆட்டங்கள் வென்றது. அதைப் பற்றி 2014-ல் வந்த படமும் பிரசங்கம் மிகுந்ததுதான். ஆனாலும் அந்தப் பையன்கள் கைகோத்து மைதானத்துக்குள் நடப்பது மனதில் நிற்கிறது.

எழுமலைத் தாய்மாரே, தகப்பன்மாரே, உங்கள் மகள் எட்டாம் வகுப்புவரை ஓடியாடுகிறாள். பெரியவளானதும் "போதும்" என்கிறீர்கள். எதற்குப் போதும் என்று அவளிடம் சொன்னதுண்டா? இந்த வாரம் அவளையே கேளுங்கள். இன்னும் விளையாட ஆசை என்றால் பூசை முடிந்து என்னிடம் அழைத்து வாருங்கள். பந்து நான் தருகிறேன்.