விண்டோஸ் மாற்றுவது லாபமா, செலவா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அந்தத் தேதி நம் கடைக்காரர்களுக்கு வாய்த்த நேரத்தைப் பாருங்கள். செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் எல்லாம் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கு வந்தன. பில் போடும் சாப்ட்வேரில் ஐட்டம் ஐட்டமாக விகிதத்தைத் திருத்தி முடிப்பதற்குள் தீபாவளிச் சரக்கு வந்து இறங்கிவிட்டது. அக்டோபர் 20 தீபாவளி. அதற்கு ஆறு நாள் முன்பாகக் கல்லாப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் கை வைக்க எந்த வியாபாரிக்குத் துணிவு வரும்?

ஆகவே பலரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சுண்ணாம்புக்குளம், ஆரம்பாக்கம் பக்கத்துக் கடைகளில் விண்டோஸ் 10 வைத்திருப்போர் ஏராளம். விண்டோஸ் 7-ஐ விடாதவர்களும் இருக்கிறார்கள். இதற்கிடையே, "அந்தத் தேதிக்குப் பின் உங்கள் மிஷின் ஓடாது" என்று சொல்லிப் புதுக் கம்ப்யூட்டரைத் தலையில் கட்டப் பார்த்த விற்பனையாளரும் உண்டு. அது உண்மையன்று. மிஷின் ஓடும், பில் வரும், டாலி திறக்கும். நின்றுபோனது வேறொன்று.

கடை ஷட்டருக்கு நல்ல கம்பெனிப் பூட்டு வாங்கிப் போடுகிறோம். அந்தப் பூட்டை இன்ன விதமாக நெம்பினால் திறந்துகொள்ளும் என்று எவனோ ஒருவன் கண்டுபிடித்துவிடுகிறான். கம்பெனிக்காரன் உடனே ஆள் அனுப்பி, காசு வாங்காமல் அந்த இடத்தை அடைத்துக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் வரும் அப்டேட் என்பது இதுதான். இனி அந்த ஆள் வரமாட்டான். பூட்டு மட்டும் இருக்கும். இதனால் என்ன நேரும் என்பதை 2017 மே மாதம் உலகமே பார்த்தது. 'வானாக்ரை' என்ற நாசவேலைப் புரோகிராம் கம்ப்யூட்டர்களில் புகுந்து, உள்ளே இருந்த கணக்குகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, பணம் கட்டினால்தான் திறப்பேன் என்றது. பக்கத்து ஆந்திராவில் காவல் துறைக் கம்ப்யூட்டர்கள் சிலவும், கேரளத்தில் சில பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களும் அதில் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. இரண்டு மாதத்துக்குள் அதைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

நம் பகுதிக் கடைகளுக்கு இது ஏன் பெரிய விஷயம்? ஏரியை நம்பிய ஊர்களில் வியாபாரம் பாதிக்கு மேல் பற்றில் நடக்கிறது. பாடு முறையில் வலை இறக்கும் குடும்பத்துக்கு முறை வரும் நாளில் கையில் பணம் புரளும். மற்ற நாளில் கடைப் பேரேடுதான் துணை. முகத்துவாரம் மணல் மூடி வரத்துக் குறைந்துவிட்டால் பற்று மாதக் கணக்கில் ஏறும். முன்பு இவையெல்லாம் நோட்டில் இருந்தன. நோட்டு நனைந்தாலும் காயவைத்துப் படிக்கலாம். இன்று பல கடைகளில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கிறது. மூன்று லட்ச ரூபாய் வெளியே நிற்கிறது என்றால், அந்தப் பெட்டிக்குள் இருப்பது மூன்று லட்ச ரூபாய்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். புதுக் கம்ப்யூட்டர் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் செலவும் போக நூற்றுக்கு நான்கு ரூபாய் நிற்கும் மளிகைக் கடையில் அந்த 40,000-ஐச் சம்பாதிக்க 10 லட்ச ரூபாய்க்குச் சரக்கு விற்றாக வேண்டும். விளையாட்டான தொகை அல்ல. ஆனால் விண்டோஸ் எக்ஸ்.பி. 2001-இல் வந்து 2014 ஏப்ரலில் பராமரிப்பு முடிந்தது; விண்டோஸ் 7 என்பது 2009-இல் வந்து 2020 ஜனவரியில் முடிந்தது; விண்டோஸ் 10 வந்தது 2015-இல். ஏறக்குறையப் பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் செலவு இது. மாதக் கணக்கில் பிரித்தால் 350 ரூபாய்கூட ஆகாது. ஜி.எஸ்.டி. சாதாரண முறையில் பதிவு செய்திருப்போர் கொள்முதலில் கட்டிய 18 சதவீத வரியை வரவு எடுத்துக்கொள்ளலாம். காம்பொசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.

எல்லோரும் மாற்ற வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. இன்டர்நெட் இணைப்பே இல்லாமல், பில் மட்டும் அடிக்கும் கம்ப்யூட்டரை அப்படியே ஓட்டலாம். அதில் வைபையும் வேண்டாம், கண்ட கண்ட பென் டிரைவும் வேண்டாம். பையன் பாட்டு ஏற்றிக் கொண்டுவரும் பென் டிரைவ் வழியாகத்தான் பாதி வியாதிகள் வருகின்றன. ஆனால் அதே கம்ப்யூட்டரில் பாங்குக் கணக்கையும் திறக்கிறோம், ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் போடுகிறோம் என்றால் தயங்கக் கூடாது. எல்லைப்புறத்தில் இருக்கும் நமக்கு இது கூடுதலாகப் பொருந்தும். தடா, சூளூர்ப்பேட்டைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிக்கு அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. ஐ.ஜி.எஸ்.டி. பில் போட வேண்டும்; சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சம் வரை விட்டிருக்கிறார்கள். ஆக, இன்டர்நெட் இல்லாமல் லாரி நகராது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூகுள் குரோம் 2023 பிப்ரவரியிலிருந்து அதற்குப் புதிய பதிப்பு தருவதில்லை. இப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் பாங்குப் பாஸ்வேர்டைத் தட்டுவது, கல்லாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதற்குச் சமம்.

இனி, உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பது. 2021 அக்டோபரில் வந்த இந்தப் பதிப்புக்கு 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி ஆகியவை தேவை. இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் என்ற பக்கத்தைத் திறந்தால் பிராசசர் பெயர் தெரியும். ஐ3, ஐ5 என்பதன் பின் நான்கு இலக்க எண் இருந்து அது 2 முதல் 7 வரை ஏதேனும் ஒன்றில் தொடங்கினால் சேராது என்றே கொள்ளலாம். மைக்ரோசாப்டின் 'பி.சி. ஹெல்த் செக்' என்ற இலவசப் புரோகிராமை ஓட்டினால் அதுவே சொல்லிவிடும். அது "டி.பி.எம். இல்லை" என்று சொன்னாலும் உடனே புது மிஷின் வாங்க ஓட வேண்டாம். 2018-க்குப் பிந்தைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். தெரிந்த மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் இயக்கிக் கொடுப்பார். தகுதியுள்ள விண்டோஸ் 10 கம்ப்யூட்டருக்கு 11 இலவசம். இப்படி இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டியதில்லை; மாற்றிக்கொள்ளலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுக்கொண்டால் வேகமும் கிடைக்கும்.

2011 முதல் அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளைக் கடைக் கணக்குக்கு வைத்திருப்போர் நம்மில் பலர். முதல் ஐந்தாறு ஆண்டுகளில் கொடுத்தவை இந்தத் தகுதிக்குள் வரமாட்டா. தகுதி இல்லாத மிஷினில் சில நூறு ரூபாய்க்குக் குறுக்கு வழியாக 11-ஐ ஏற்றிக் கொடுக்கிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்ற முடியும் என்பது உண்மை. ஆனால் அத்தகைய மிஷினுக்கு அப்டேட் வரும் என்று உறுதி சொல்ல முடியாது என மைக்ரோசாப்டே அறிவித்திருக்கிறது. எதற்காக மாற்றுகிறோமோ அது கிடைக்காது என்றால் எதற்குப் பணம்?

பணம் கட்டி விண்டோஸ் 10-ஐ நீட்டித்துக்கொள்ளும் திட்டமும் அறிவித்தார்கள். வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்த ஓராண்டு நீட்டிப்பு, சில நிபந்தனைகளுடன் கட்டணமில்லாமலும் கிடைத்தது. தொழில் செய்வோருக்கோ முதல் ஆண்டுக்கு மிஷின் ஒன்றுக்கு 61 டாலர். இரண்டாம் ஆண்டு அதன் இரட்டிப்பு, மூன்றாம் ஆண்டு அதற்கும் இரட்டிப்பு. மூன்றையும் கூட்டினால் 427 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 36,000 ரூபாயைத் தாண்டுகிறது. அந்தப் பணத்துக்குப் புது மிஷினே வாங்கிவிடலாம். எனவே ஓராண்டு மூச்சு விட இது உதவும். மூன்றாண்டுக்கு இதை நம்புவது வியாபாரக் கணக்கில் சேராது.

உண்மையான தொல்லை விண்டோஸில் இல்லை, அதைச் சுற்றி இருப்பவற்றில் இருக்கிறது. 1990-களில் டாஸ் பாக்ஸ்புரோவில் எழுதி வாங்கிய பில்லிங் புரோகிராமை இன்றும் விடாமல் வைத்திருக்கும் மண்டிகள் உண்டு. கறுப்புத் திரையில் கண்ணை மூடிக்கொண்டு பில் போடுவார்கள்; அந்த வேகம் புதியவற்றில் கிடையாது என்பது நம் அபிப்பிராயமும்கூட. ஆனால் அத்தகைய டாஸ் புரோகிராம்கள் 32 பிட் விண்டோஸில்தான் நேரடியாக ஓடும். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே புது மிஷின் வாங்கினால் புது பில்லிங் சாப்ட்வேரும் வாங்க வேண்டிவரும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். பழைய பிரிண்டரின் அகலமான பேரலல் போர்ட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டரில் இடமே இருக்காது. எலக்ட்ரானிக் தராசை இணைக்கும் சீரியல் கேபிளும் அப்படியே. இவற்றுக்கு யு.எஸ்.பி. கன்வர்ட்டர் கேபிள் உண்டு என்றாலும், பழைய கன்வர்ட்டர்கள் சிலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. உங்கள் பிரிண்டரையும் தராசுக் கேபிளையும் கடைக்கே தூக்கிக்கொண்டு போய், ஒரு பில் அடித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்காமல் யார் மூட்டை எடுக்கிறார்கள்?

தமிழ் எழுத்துப் பிரச்சினை தனி. வாடிக்கையாளர் பெயரையும் சரக்குப் பெயரையும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஏற்றி வைத்தவர்கள் பலர். அந்த எழுத்துரு புது மிஷினில் இல்லாவிட்டால், "துவரம்பருப்பு" இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாக நிற்கும். கணக்கு கெட்டுப்போகவில்லை; படிக்கத்தான் முடியாது. பழைய கம்ப்யூட்டரின் பாண்ட்ஸ் போல்டரிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பைப் பிரதி எடுத்துப் புதியதில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தமிழக அரசே 2010-இல் யூனிகோட் முறையை ஏற்றுக்கொண்டுவிட்டது. எனவே சாப்ட்வேரையும் மாற்றுகிறவர்கள் பெயர்ப் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லி விலை பேசும்போதே பேசிக்கொள்ள வேண்டும். பிறகு கேட்டால் அதற்குத் தனி பில் வரும்.

லினக்ஸ் இலவசம்தானே என்று கேட்பார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அந்த அரசு மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு சேர்ந்து வந்ததுதான். ரிட்டர்ன் போடவும், கடிதம் அடிக்கவும் பழைய மிஷினில் அது போதும். டாலி அதில் நேரடியாக ஓடாது என்பதால் நம்மவர்களுக்கு முழுதாக உதவாது.

எப்போது மாற்றுவது? ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். மழை, புயல், கரண்ட் கட் எல்லாம் அப்போதுதான். பொங்கல் வியாபாரம் முடிந்து பிப்ரவரியில் வாங்கி, மார்ச் மாதம் முழுவதும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். பில் பழையதில் போகட்டும். புதியதில் ஒத்திகை நடக்கட்டும். ஏப்ரல் 1-ஆம் தேதி புது நிதியாண்டுக்குப் புது பில் வரிசை தொடங்கும்போது புதியதற்கு வந்துவிடலாம். பில் எண் குழம்பாது, ஆடிட்டரும் கோபிக்கமாட்டார். மாற்றுவதற்கு முதல் நாள் எல்லா வாடிக்கையாளரின் பாக்கியையும் காகிதத்தில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். பேகப்பை இரண்டு பென் டிரைவில் எடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். அந்தப் பேகப்பைப் புதிய மிஷினில் திறந்து, காகிதத்தில் இருக்கும் நான்கு பெயர்களின் பாக்கியை ஒத்துப் பாருங்கள். அதுவரை பேகப் எடுத்ததாக அர்த்தமில்லை.

பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட அவசரம் வேண்டாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஓராண்டுக் கணக்கை, அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை வைத்திருக்க வேண்டும். பழைய சாப்ட்வேரில்தான் திறக்கும் கணக்கு என்றால், இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த மிஷினை உலர்ந்த இடத்தில் வையுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் ஓடாத மிஷின்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் ஒரு முறை அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு, துணி போட்டு மூடி வைப்பது நல்லது.