பரணில் இருக்கும் செப்பு போதும்

கேள்வி: ஓவியப் பயிற்சிக்குக் குழந்தைகளின் பொம்மைகளை அடுக்கி வைத்து வரையச் சொல்கிறார்கள். எதை வைப்பது?
– வாசகி, நைனார்பாளையம்

பதில்: கடைக்குப் போகாதீர்கள். பரணில் மரச்செப்பு இருந்தால் இறக்குங்கள். சாயம் உரிந்திருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை (ஆடி ஓய்ந்த பிறகு வரையுங்கள்!). செப்பின் வாய் வட்டம்தான். சாய்ந்து பார்க்கும் கண்ணுக்கு அது நீள்வட்டம். பலரும் அதன் இரு ஓரங்களையும் கூராக்கிவிடுவார்கள். அங்கேயும் வளைவு வேண்டும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். நிழலுக்கு வெறும் கறுப்பு பூச வேண்டாம், செப்பின் சிவப்பு தரையிலும் லேசாகப் படிந்திருக்கும். மர உருவங்களின் வடிவம் பழக, 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. பென்சிலோடு ஒருநாள் போய் வாருங்கள்.