போறணையின் பொய்க் கணக்கு

ருவான்வெல்லை



“அவன் சரியில்லை சேர்” என்று நீ எழுதியதைப் படித்து, யாரோ ஒரு பையனைப் பற்றிய முறைப்பாடு என்றே நினைத்தேன். அடுத்த வரியில் பட்டர் கேக் வந்த பிறகுதான் விளங்கியது. போறணை என்ற சொல் இருக்க இந்த ஆங்கில ‘அவன்’ எதற்கு? போர்த்துக்கேயரின் ‘ஃபோர்னோ’தான் சிங்களத்தில் போறணுவ, நம் வாயில் போறணை. பாணும் அதே கப்பலில் வந்ததுதான். சரி, விட்டுவிடுகிறேன்.

கேக் நடுவில் கோபுரமாய் எழும்பி வெடித்தது, உள்ளே மா பச்சையாய் இருந்தது, “ஆனால் 180இல்தான் வைத்தேன்” என்கிறாய். நீ வைத்தது குமிழை. 180ஐ எங்கே கண்டாய்? குமிழில் உள்ள எண் ஓர் எதிர்பார்ப்பு. வீட்டுப் போறணைகள் 15, 20 பாகை தப்புவது சாதாரணம். சிவப்பு லைட் அணைந்தால் உள்ளிருக்கும் உணரி சூடாகிவிட்டது என்றுதான் அர்த்தம். சுவர்கள் இன்னும் சூடேறியிருக்காது. இன்னும் கால் மணித்தியாலம் பொறு.

எங்கள் பக்கத்துப் பழைய பேக்கரிப் போறணையில் குமிழும் இல்லை, லைட்டும் இல்லை. செங்கல் வயிற்றுக்குள்ளேயே இறப்பர் விறகை எரிப்பார்கள். வெட்டிய பழைய மரங்களுக்கு இங்குள்ள இறப்பர்த் தோட்டங்களில் என்ன பஞ்சம்! தணலை வாரி வெளியே தள்ளி, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைப்பார்கள். பிறகு மூத்த வேலையாளான பாஸ் ஒரு பிடி மாவை உள்ளே எறிவார். உடனே கருகினால் காத்திருப்பார். மெல்லப் பொன்னிறமானால் பாண் போகும். சூடு இறங்கிய பிறகுதான் கேக். சிறுவயதில் அந்த வாசலில் நின்று பார்த்தவன் நான். செங்கல் சூட்டைச் சேமித்து நிதானமாய்த் திருப்பித் தரும். உன் தகரப் பெட்டியோ கதவைத் திறந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால்தான் எட்டிப் பார்க்காதே என்கிறேன். எத்தனை தரம் சொல்வது!

உன் கேக் வெடித்ததற்குப் பெரும்பாலும் காரணம் சூடு கூடியதே. ஓரம் முதலில் இறுகிவிடும், நடு மா தொடர்ந்து பொங்கி மேலோட்டைப் பிளக்கும். சூடு குறைந்தால் நேர்மாறு: மா இறுகுமுன் வாயு வெளியேறி நடு அமுங்கும். கறுத்த தட்டு சூட்டை அதிகம் வாங்கும். காற்றாடி உள்ள போறணை என்றால் 20 பாகை குறைத்து வை. ரவையும் கஜுவும் போட்ட லவ் கேக்குக்கு 150 அளவே போதும். அதை 180இல் வைப்பது பாவம்.

வெப்பமானி வாங்க முடிந்தால் வாங்கு. இல்லாவிட்டால் சீனி போதும். வெள்ளைச் சீனி உருகுவது சுமார் 186 பாகையில். போறணை நன்றாகச் சூடான பின் ஒரு கரண்டி சீனியைத் தகரத்தாளில் பரப்பி நடுத்தட்டில் 15 நிமிடம் வை. குமிழ் 175இல் இருக்கும்போதே உருகினால் உன் போறணை கூடுதலாய்ச் சுடுகிறது. 190 வைத்தும் உருகாவிட்டால் குறைவாய்ச் சுடுகிறது. உருகும் எண்ணுக்கும் 186க்கும் உள்ள வித்தியாசத்தைக் கடதாசியில் எழுதிக் கதவில் ஒட்டு. இனி அந்த அளவு கூட்டியோ குறைத்தோ வை. சில குமிழ்களுக்குப் பின்னால் திருத்தும் ஆணி உண்டு. மின்சாரம் தெரிந்தவர் இல்லாமல் அதில் கைவைக்காதே.

அடுத்த கேக்குக்கு முன் சீனியை வைத்துப் பார். எந்த எண்ணில் உருகியது என்று மட்டும் எழுது. மாவைக் குறை சொல்லி இன்னொரு கடிதம் வேண்டாம்.