பேகனின் போர்வையும் நம் பிள்ளைகளின் நாய்க்குட்டியும்

“நாய் ஒரு நன்றியுள்ள பிராணி. அது நம் வீட்டைக் காக்கும். நாம் அதனிடம் அன்பு காட்ட வேண்டும்.” ‘எனது செல்லப்பிராணி’ என்று தலைப்புக் கொடுத்தால் நம் வகுப்பறைகளில் பெரும்பாலான கட்டுரைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. எலவனாசூர்கோட்டை அருகே ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த ஆண்டில் எனக்கும் அப்படியே வந்தன. அவற்றுள் பிழையில்லாமல், அழகான கையெழுத்தில் எழுதியிருந்த ஒரு மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். கைதட்டவும் சொன்னேன்.

அடுத்த வாரம் அவன் இடது கையைப் புத்தகத்துக்கு அடியிலேயே மறைத்து வைத்திருந்தான். என்னவென்று கேட்டதற்குக் கீழே விழுந்துவிட்டதாகச் சொன்னான். கையை விரித்துப் பார்த்தபோது மணிக்கட்டில் பல் பதிந்த தடம் இருந்தது. மேலே மஞ்சள் பூசியிருந்தான். இரண்டு நாள்களுக்கு முன் தெருவில் சோறு தின்றுகொண்டிருந்த நாய்க்குட்டியின் வாலைப் பிடித்து இழுத்திருக்கிறான். அது கடித்துவிட்டது. ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“வீட்ல சொன்னா அடிப்பாங்க டீச்சர். நாயைச் சீண்டுனேன்னு தெரிஞ்சா நீங்களும் திட்டுவீங்க.”

அன்றே அவன் தாயாரை வரவழைத்து, காயத்தைக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டுக்கொண்டு அவன் நலமாக இருக்கிறான். ஆனால் அந்தப் பதில் என்னை விட்டுப் போகவில்லை. நான் நடத்திய அன்புப் பாடம் அந்தக் குட்டியையும் காக்கவில்லை, அவனையும் காக்கவில்லை. நான் திட்டுவேன் என்று அஞ்சி, நடந்ததை மறைக்கத்தான் அது அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. விலங்குகளிடம் பரிவு என்னும் பாடத்தை வேறு விதமாக நடத்த வேண்டும் என்று அதன் பிறகே யோசிக்கத் தொடங்கினேன். அந்த அனுபவத்தைச் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்பு மட்டும் போதுமா?

விலங்குகளிடம் அன்பு என்றதும் நாம் சொல்லும் கதை பேகனுடையது. மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையைப் போர்த்திய வள்ளல் அவன். பேகனைப் பாடிய புலவர்களுள் கபிலரும் ஒருவர். அவர் பெயரால் அமைந்த கபிலர் குன்று நம் மாவட்டத்துத் திருக்கோவிலூரில், தென்பெண்ணை ஆற்றில் இருக்கிறது. ஆகவே இந்தக் கதை நம் பிள்ளைகளுக்கு மிகவும் நெருக்கமானது.

கதையை முடித்தபின் ஒரு வினா கேட்டுப் பாருங்கள்: “மயிலுக்குப் போர்வை தேவையா?” வகுப்பு ஒரு கணம் அமைதியாகும். பிறகு ஒரு குழந்தை “அதுக்குத்தான் இறகு இருக்கே” என்று சொல்லும். இப்படிக் கொடுப்பதை நம் முன்னோர் ‘கொடைமடம்’ என்றனர். பேகனின் உள்ளம் பெரியது. மயிலுக்கு என்ன தேவை என்பது வேறு வினா. நம் பிள்ளைகளின் அன்பும் பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். கண் திறக்காத குட்டியைத் தாயிடமிருந்து தூக்கி வந்து பசும்பால் ஊட்டுகிறார்கள். கோழிக்குஞ்சைக் குளிப்பாட்டுகிறார்கள். நாய்க்குச் சாக்லெட் கொடுக்கிறார்கள். அது நாய்க்கு நஞ்சு. இவை கொடுமையால் வருபவை அல்ல, அறியாமையால் வருபவை. எனவே பரிவுக் கல்வியில் உள்ளத்தோடு அறிவும் சேர வேண்டும். விலங்கின் தேவையையும் அதன் உடல்மொழியையும் அறிந்த குழந்தைதான் அதை வதைக்காது, தானும் கடிபடாது. அன்புப் பாடமும் பாதுகாப்புப் பாடமும் ஒன்றே.

ஆய்வுகள் சொல்வது

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 8 தொடக்கப் பள்ளிகளில் 7, 8 வயதுக் குழந்தைகள் 346 பேரிடம் நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. சில பள்ளிகளில் மட்டும் நாயிடம் எப்படி நடந்துகொள்வது என்று 30 நிமிடப் பாடம் நடத்தினர். ஏழு முதல் பத்து நாள்கள் கழித்து, குழந்தைகளுக்குச் சொல்லாமலேயே, விளையாட்டுத் திடலில் சாதுவான ஒரு நாயைக் கட்டிவைத்து, என்ன நடக்கிறது என்று படம் பிடித்தனர். பாடம் கேட்காத குழந்தைகளில் 79 விழுக்காட்டினர் தயங்காமல் போய் நாயைத் தடவினர். பாடம் கேட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் 9 விழுக்காட்டினர் மட்டுமே. நாயை வைத்து இப்படிச் சோதிப்பதை நம் பள்ளியில் செய்யக் கூடாது. ஆனால் இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். அரைமணி நேரச் செயல்பாடே நடத்தையை மாற்றும். அந்த மாற்றத்தை எழுத்தில் அல்ல, நடத்தையில்தான் அளக்க வேண்டும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிராங்க் அஸியோன் என்ற உளவியலாளர் ஓராண்டு முழுவதும் பரிவுக் கல்வி நடத்தி, 1992இல் முடிவுகளை வெளியிட்டார். நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம் விலங்குகள் மீதான பரிவு வளர்ந்ததோடு, சக மனிதர் மீதான பரிவும் வளர்ந்திருந்தது. ஒரு நாள் விழாவோ, சுவரொட்டியோ போதாது. ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகச் செய்வது பலன் தரும் என்பதற்கு இது சான்று.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. நம் வீட்டு உயிர்கள். ‘செல்லப்பிராணி’ என்றதும் பாடப்புத்தகப் படத்தில் உள்ள நாயும் பூனையும்தான் நினைவுக்கு வருகின்றன. நம் பகுதிப் பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிடுவது கன்றுக்குட்டியையும் வெள்ளாட்டையும் நாட்டுக்கோழியையும்தான். ஆகவே ‘எனது செல்லப்பிராணி’ என்பதற்குப் பதில் ‘எங்கள் வீட்டில் எங்களோடு வாழும் உயிர்கள்’ என்று தலைப்பு கொடுங்கள். ‘நன்றியுள்ள பிராணி’ என்ற வரி தானாகவே மறைந்துவிடும்.

2. ஐந்து கேள்விகள். 1965இல் பிரிட்டனில் கால்நடைகளின் நலம் குறித்து அளிக்கப்பட்ட பிராம்பெல் குழு அறிக்கையிலிருந்து வளர்ந்தவை ‘ஐந்து விடுதலைகள்’. அவற்றை நான் ஐந்து கேள்விகளாக்கிக்கொண்டேன். பசிக்கும் தாகத்துக்கும் கிடைக்கிறதா? படுக்க நிழலும் உலர்ந்த இடமும் உண்டா? நோயோ காயமோ இருக்கிறதா? தன் இயல்புப்படி நடக்க, ஓட, கொத்த, மேய முடிகிறதா? எதைக் கண்டாவது பயப்படுகிறதா? ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டு உயிர் ஒன்றை ஒரு வாரம் கவனித்து, நாள்தோறும் விடைகளைக் குறித்து வர வேண்டும். “எங்க ஆட்டுக்குக் கயிறு குட்டையா இருக்கு. தண்ணித் தொட்டி வரைக்கும் போக முடியல” என்று ஒரு மாணவி எழுதி வந்தாள். மறுநாளே அவள் அப்பா கயிற்றை மாற்றிக் கட்டினார். அவள் எழுதிய அந்த இரண்டு வரிகளை நான் எந்தக் கட்டுரையைவிடவும் உயர்வாக மதிக்கிறேன்.

3. கணக்கோடு இணைத்தல். மாடு ஒரு நாளில் எத்தனை குடம் தண்ணீர் குடிக்கிறது? மழைநாளில் எவ்வளவு, வெயில் நாளில் எவ்வளவு? பட்டை வரைபடம் வரையலாம். கோழி அடைகாப்பது 21 நாள்கள். நாய் சினைப்படுவது ஏறத்தாழ 63 நாள்கள். ஆடு 150 நாள்கள். மாடு 280 நாள்கள். இவற்றை வாரங்களாகவும் மாதங்களாகவும் மாற்றச் சொல்லலாம்.

4. உடல்மொழி விளையாட்டு. ஒரு குழந்தை நாயாக நடிக்க, மற்றவர்கள் அதன் மனநிலையைச் சொல்ல வேண்டும். காதைப் பின்னுக்கு மடக்குதல், வாலைக் கால்களுக்கிடையில் ஒடுக்குதல், உடலை விறைத்தல், உறுமுதல் ஆகியவை ‘கிட்டே வராதே’ என்பதன் அடையாளங்கள். வால் ஆடினாலே மகிழ்ச்சி என்பதில்லை. விறைத்து நின்று வாலாட்டும் நாயிடம் எச்சரிக்கை தேவை. தின்னும்போதும், தூங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் தொடக் கூடாது. அறியாத நாய் நெருங்கி வந்தால் ஓடாமல், கத்தாமல், கண்ணை உற்றுப் பார்க்காமல், கைகளை உடலோடு ஒட்டி மரம்போல் நிற்க வேண்டும். ‘மரம்’ என்று சொன்னதும் எல்லோரும் அசையாமல் நிற்கும் விளையாட்டை ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கலாம்.

கடித்தால் சொல்லும் துணிவு

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வெறிநோய் ஐயத்துக்குரிய விலங்குகளால் கடிபடுவோரில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள். மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய் வழியே வருகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிது. ஆனால் உடனடியாகச் சிகிச்சை பெற்றால் முழுமையாகத் தடுத்துவிடலாம். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டரிடம் அழைத்துவரப்பட்டு இந்தத் தடுப்பூசியால் பிழைத்த ஜோசப் மெய்ஸ்டர், 9 வயதுச் சிறுவன். நம் நான்காம் வகுப்புப் பிள்ளையின் வயதுதான். பாஸ்டரின் நினைவு நாளான செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. காலை வணக்கக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்ல அது ஏற்ற நாள்.

பிள்ளைகள் மனத்தில் பதிய வேண்டியவை இவை: கடித்தாலும் கீறினாலும், புண்ணில் நாயோ பூனையோ நக்கினாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 0, 3, 7, 28 என மருத்துவர் சொல்லும் நாள்களில் ஒன்றையும் விடாமல் ஊசி போட வேண்டும். இரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். குட்டி கடித்தாலும் இதேதான்.

இவற்றுக்கெல்லாம் முதற்படி, குழந்தை வாய் திறந்து சொல்வது. “கடிபட்டதைச் சொன்னால் யாரும் திட்ட மாட்டோம். நீ சீண்டியிருந்தாலும் திட்ட மாட்டோம். முதலில் காயம், மற்றதெல்லாம் பிறகு.” இந்த உறுதியைப் பருவந்தோறும் ஒருமுறை வகுப்பிலும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடமும் சொல்லுங்கள்.

மதிய உணவின் மிச்சத்தைப் பள்ளிக்குப் பின்னால் கொட்டும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். கல்வராயன் மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் மூன்று வேளையும் அங்கேயே உண்பதால் இது இன்னும் முக்கியம். மிச்சத்தை மூடிய தொட்டியில் போட வேண்டும். பிள்ளைகள் கையால் நாய்க்கு ஊட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

தவிர்க்க முடியாத கேள்விகள்

“எங்க கிடாவை வித்துட்டாங்க டீச்சர்.” “திருவிழாவுல வெட்டிட்டாங்க டீச்சர்.” இந்தப் பாடத்தை உண்மையாக நடத்தினால் இப்படி ஒரு நாள் வந்தே தீரும். ஆடு வளர்ப்பு நம் பகுதியில் பல குடும்பங்களுக்குச் சேமிப்பு. மருத்துவச் செலவுக்கும் கல்விக் கட்டணத்துக்கும் அதுவே கைகொடுக்கிறது. பெற்றோரைக் குற்றவாளியாக்கும் சொல் எதுவும் ஆசிரியர் வாயிலிருந்து வரக் கூடாது. அதேபோல், “ஆட்டுக்காகவா அழுவாங்க?” என்று குழந்தையின் துயரத்தைச் சிரித்து ஒதுக்கவும் கூடாது. ஒரு மாணவன் கன்று விற்ற மறுநாள் பேசாமல் இருந்தான். அந்தக் கன்றைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். அரைமணி நேரம் சொன்னான். வேறு யாரும் குறுக்கிடவில்லை. அவ்வளவுதான் தேவைப்பட்டது. நம்மிடம் இருக்கும் வரை அந்த ஐந்து கேள்விகளுக்கும் நல்ல விடை இருக்க வேண்டும் என்பதை எல்லாக் குடும்பங்களும் ஏற்கும்.

கூண்டுக்கிளி விஷயம் வேறு. பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலையடிவார ஊர்களில் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டில் கிளி வைத்திருக்கும் குழந்தையை வகுப்பில் எழுப்பி நிற்க வைத்துச் சொல்லக் கூடாது.

சட்டமும் துணையும்

1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்கை வைத்திருப்பவருக்கு அதன் நலனைப் பேணும் கடமையை விதிக்கிறது. மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டிவைப்பதும் அதன்படி வதைதான். அச்சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவர், நம் சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மக்களுக்குப் பரிவுக் கல்வி அளிப்பதும் வாரியத்தின் பணிகளுள் ஒன்று. உயிர்களிடம் இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமையாக அரசியலமைப்பின் 51அ பிரிவு சொல்கிறது. உயர்தொடக்க வகுப்பில் குடிமையியல் பாடத்தோடு இவற்றை இணைக்கலாம். உள்ளூர் கால்நடை மருந்தகத்தின் மருத்துவரை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்து, பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லச் செய்யலாம்.

எப்படி மதிப்பிடுவது?

தேர்வு வேண்டாம். ஒரு குறிப்பேடு போதும். வழியில் நாயைக் கண்டால் கல் எடுப்பது குறைந்திருக்கிறதா? கடியையோ கீறலையோ அன்றே வந்து சொல்கிறார்களா? வீட்டு உயிரின் நிலையில் ஏதேனும் ஒரு மாற்றம் நடந்ததா? வகுப்பில் புதிதாகச் சேர்ந்த, பேசத் தயங்கும் குழந்தையிடம் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? பருவத்துக்கு ஒருமுறை இந்த நான்கையும் ஆசிரியர் குறித்துவந்தால் ஆண்டிறுதியில் உண்மையான விளைவு தெரிந்துவிடும்.

முழு மதிப்பெண் வாங்கிய அந்த மாணவன் மறு ஆண்டு, முதல் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் கையைப் பிடித்து என்னிடம் அழைத்து வந்தான். அவள் காலில் பூனை கீறியிருந்தது. “சோப்புப் போட்டுக் கழுவிட்டேன் டீச்சர். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். பூனை குட்டி போட்டிருக்கு, அதான் கீறிடுச்சு. அது மேல தப்பு இல்ல” என்றான். இந்தப் பாடத்தில் நான் எதிர்பார்க்கும் கற்றல் விளைவு அதுதான்.