மலைச்சரிவும் முன் பிரேக்கும்

வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பழைய பிக்கப் வண்டிகளில், முன் பிரேக் கோளாறு தீர்ந்தபாடில்லை என்று விவசாயிகள் கூற அடிக்கடி கேட்கிறோம். பேட் மாற்றுகிறார்கள், சில வாரங்களில் ஒரு பக்கத்துப் பேட் மட்டும் தேய்ந்து, வண்டி ஒருபுறமாக இழுக்கிறது. மறுபடியும் பேட் மாற்றுகிறார்கள். தேய்ந்தது பேட்தான், தேய்த்தது எது என்று பார்த்தவர் சிலரே.

பட்டறையில் இவ்வாறு சோதிக்கச் சொல்லுங்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, பிரேக்கை மிதித்து விட வேண்டும். அதன்பின்னும் சக்கரம் சுற்றாவிடில், காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைச் சிறிது தளர்த்துக. உடனே சுற்றுமாயின், உள்ளே சென்ற ஆயில் திரும்பவில்லை என்பது தெளிவு. பெரும்பாலும் ரப்பர் ஹோஸின் உட்சுவர் உப்பி வழியை அடைத்திருக்கும். வெளிப்பார்வைக்கோ குறையொன்றும் தெரியாது! தளர்த்தியும் சுற்றாவிடில், துருவேறி இறுகிய பிஸ்டனையும் காலிப்பர் நகரும் பின்களையும் கவனித்தல் வேண்டும்.

பிடி விடாத சக்கரம் சரிவில் அனலாகும். டாட் 3 வகை பிரேக் ஆயிலுக்குத் தர விதி வகுத்த குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாயின் 205 டிகிரி சென்டிகிரேடு. ஈரம் உறிஞ்சியபின் 140 மட்டுமே. கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை இறங்கும்; பிரேக் பிடிக்காது. மூட்டைகளின்மேல் ஆட்களையும் ஏற்றி வரும் வண்டியில் இது நேர்ந்தால் என்னாகும்? இரண்டாண்டுக்கொருமுறை ஆயிலை முழுதும் மாற்றுக. ஏறிய கியரிலேயே இறங்குக.

அடிவாரம் சேர்ந்ததும், இரு முன் சக்கரங்களின் அருகிலும் தொடாமல் புறங்கையை நீட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் வீசினால், அடுத்த நடைக்கு முன் அதனைப் பிரித்துப் பார்க்கச் செய்க.