பால்குடிக் குழந்தையின் வயிறு: எது இயல்பு, எது நோய்?

வயலில் நெற்பயிரின் இலை மஞ்சளித்தால், அனுபவமுள்ள உழவர் உடனே மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. அடியிலை முதிர்ந்து பழுத்ததா, உரம் குறைந்ததா, அல்லது உண்மையிலேயே நோய் கண்டதா என்று குனிந்து பார்க்கிறார். பயிரிடம் காட்டும் இந்த நிதானத்தை நம் வீட்டுத் தொட்டிலருகே நாம் பெரும்பாலும் காட்டுவதில்லை.

பிறந்து பத்து நாளான குழந்தை ஒரு நாளில் ஆறேழு முறை மஞ்சளாக மலம் கழிக்கிறது. "தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டார் தீர்ப்பளித்துவிடுகின்றனர். தாய்க்குப் பத்தியம் கடுமையாகிறது. குழந்தைக்கு முதலில் சர்க்கரைத் தண்ணீரும், பின்னர்ப் புட்டியில் கரைத்த பால்மாவும் வருகின்றன. நன்றாக இருந்த குழந்தைக்கு அதன் பிறகுதான் மெய்யான பேதி தொடங்குகிறது. குழந்தை சப்பிக் குடிக்காமையால் தாயின் பாலும் குறைந்துபோகிறது. இல்லாத நோய்க்குச் செய்த வைத்தியமே நோயை வரவழைத்துவிடுகிறது. இதைத் தவிர்க்க வேண்டுமாயின், பால்குடிக் குழந்தையின் மலம் எவ்வாறு இருக்கும் என்பதைத் தாய்மார் மட்டுமின்றித் தந்தையரும் பஞ்சாயத்து அங்கத்தினரும் அறிந்திருத்தல் வேண்டும்.

மலம் மாறும் முறை

பிறந்த முதல் இரண்டு நாட்களில் குழந்தை கழிப்பது கருமையாய், கீல் போல் ஒட்டும் தன்மையுள்ளதாய் இருக்கும். இது கருப்பையில் இருந்தபோதே குடலில் சேர்ந்தது. இதனை வெளியேற்ற விளக்கெண்ணெய் வேண்டுவதில்லை; தாயின் சீம்பாலே இளக்கி வெளியேற்றும். மூன்றாம், நான்காம் நாட்களில் மலம் பச்சை கலந்த பழுப்பு நிறம் அடையும். ஐந்தாம் நாளையொட்டி, அரைத்த கடுகின் மஞ்சள் நிறத்தில், சிறு விதைகள் போன்ற திப்பிகளுடன், நெகிழ்ந்து காணப்படும். இந்தத் திப்பிகள் செரியாமையின் குறி அல்ல. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் இவ்வாறுதான் இருக்கும்.

முதல் மாதத்தில் பால் குடித்த ஒவ்வொரு முறையும் குழந்தை மலம் கழிக்கலாம். வயிறு நிறையும்போது குடல் தானே அசைந்து கொடுப்பதே இதற்குக் காரணம். ஆறு வாரங்கள் சென்றபின் நிலைமை நேர்மாறாவதும் உண்டு. தாய்ப்பாலில் கழிவாக எஞ்சுவது மிகக் குறைவு. ஆகவே நான்கைந்து நாட்களுக்கு ஒரு முறை, சில குழந்தைகள் ஒரு வாரத்திற்கு ஒரு முறைகூட, மலம் கழிக்கும். கழிக்கும் மலம் இளகியிருந்து, குழந்தை நன்கு பால் குடித்து, வயிறு உப்பாமல் இருக்குமாயின் அது மலச்சிக்கல் அன்று.

குழந்தை முகம் சிவக்க முக்கி, அழுது, பின்னர் இளகிய மலம் கழிப்பதையும் காண்கிறோம். முக்குவதையும் தளர்த்துவதையும் ஒருங்கே செய்ய அது இன்னும் பழகவில்லை என்பதே இதன் பொருள். பால் குடித்தபின் கடைவாயில் சிறிது வழிவதும் இயல்பே. தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விடச் செய்தால் போதும். மலம் சில வேளைகளில் பச்சையாய், நுரையுடன் போகலாம். ஒரு மார்பில் முழுதும் குடிக்குமுன் மறு மார்புக்கு மாற்றுவது இதற்கு ஒரு காரணம். ஒரு மார்பில் குழந்தை தானே விடும் வரையில் குடிக்கவிட்டுப் பின்னர் மறு மார்பைக் கொடுக்கலாம்.

பால் போதுமா என்ற ஐயம் எழுந்தால் மலத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டா. முதல் வாரத்திற்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிகிறதா, முதல் மாதங்களில் எடை மாதம் அரைக் கிலோவுக்குக் குறையாமல் ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். தராசு அங்கன்வாடியில் உள்ளது.

செய்யத் தகாதவை

ஆறு மாதம் நிறையும் வரையில் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குழந்தைக்கு வேண்டா. தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்குக்கு மேல் நீரே. ஆதலால் கோடையிலும் தண்ணீர் தேவையில்லை. தேன், கழுதைப்பால், கிரைப் வாட்டர் ஆகியவற்றால் நன்மை இல்லை. உரைமருந்து அன்பினால் கொடுக்கப்படுவதே. எனினும் உரைக்கும் கல்லிலும் விரலிலும் உள்ள அழுக்கு அதனுடன் குழந்தையின் வயிற்றுக்குள் செல்கிறது. தொக்கம் எடுத்தல் குழந்தையின் மென்மையான தொண்டையைப் புண்படுத்தும். தாயைத் தண்ணீரும் காய்கறியும் இன்றிப் பத்தியத்தில் வாட்டுவதும் தவறு. வைத்தியர் சொன்னாலன்றி அவர் எந்த உணவையும் ஒதுக்க வேண்டுவதில்லை.

காலந்தாழ்த்தக் கூடாத குறிகள்

இயல்பு இது என்று அறிந்தவருக்கே இயல்பல்லாதது உடனே கண்ணில் படும். கீழ்க்கண்ட குறிகளில் ஒன்று தோன்றினாலும் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும்.

1. பிறந்து 24 மணி நேரம் கடந்தும் கருமலம் போகாமை.
2. பச்சை நிற வாந்தி, அல்லது வயிறு உப்பி இறுகுதல்.
3. மலத்தில் இரத்தம், முதல் சில நாட்களுக்குப் பின் மீண்டும் மலம் கறுத்துப் போதல்.
4. பால் குடிக்க மறுத்தல், காய்ச்சல், உடல் சில்லிடுதல், சோர்ந்து கிடத்தல், சிறுநீர் குறைதல்.
5. மலம் சுண்ணாம்பு போலவோ வெளிறிய களிமண் போலவோ இருத்தல்.

ஐந்தாவது குறியைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். மலத்திற்கு மஞ்சள் நிறம் தருவது கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர். பித்தக்குழாய் அடைபட்டால் மலம் வெளுக்கும். சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பதிக்கும். பிறந்தவுடன் வந்த மஞ்சள் காமாலை இரண்டு வாரம் கடந்தும் மாறாது. குழந்தையோ பால் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கும். ஆகவே யாரும் ஐயுறுவதில்லை. இதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு. அது பிறந்த 60 நாட்களுக்குள் செய்யப்பட்டால் பயன் அதிகம். தாமதிக்கத் தாமதிக்கக் கல்லீரல் கெடும். தைவான் நாட்டில் 2004 முதல் நாடெங்கும் தாய்மாருக்கு மல நிறங்கள் அச்சிட்ட அட்டை வழங்கி, வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்கச் செய்கின்றனர். ஜப்பானும் 2012-ல் இவ்வட்டையைத் தாய் சேய் நலக் கையேட்டில் சேர்த்தது. பெரிய கருவி எதுவும் இன்றி, கண்ணால் கண்டே ஓர் உயிரைக் காக்கலாம் என்பதற்கு இது சான்று.

மெய்யான பேதி கண்டால்

வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று நீர் போல், பல முறை, துர்நாற்றத்துடன் போனால் அது பேதி. அப்போது முதல் மருந்து தாய்ப்பாலே. அதனை நிறுத்தாமல் இன்னும் அடிக்கடி கொடுக்கவேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை வீட்டில் வைத்துப் பார்க்காமல் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கரண்டியால் புகட்டலாம். பொட்டலத்தில் குறித்த அளவு நீரில், காய்ச்சி ஆறவைத்து, முழுப் பொட்டலத்தையும் கரைக்கவேண்டும். 1971-ல் வங்காள எல்லையிலுள்ள பன்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் இத்தகைய கரைசலைக் கொண்டே ஆயிரக்கணக்கானோரைப் பிழைக்கச் செய்தார். இதனுடன் ஜிங்க் மாத்திரையைச் செவிலியர் சொல்லும் அளவில் 14 நாட்கள் கொடுக்கவேண்டும். பேதி நின்றதும் இடையில் நிறுத்தலாகாது.

பஞ்சாயத்தின் பொறுப்பு

குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அது தவறு. அதனைத் தெருவோரத்திலும் வாய்க்காலிலும் போடாமல் கழிப்பறையில் கொட்டிச் சோப்பினால் கைகழுவும் பழக்கம் ஏற்படவேண்டும். குடிநீர்த் தொட்டியைக் காலத்தில் சுத்தம் செய்து குளோரின் இடுவது பஞ்சாயத்தின் கடமை. அங்கன்வாடியிலும் துணைச் சுகாதார நிலையத்திலும் உப்பு-சர்க்கரைப் பொட்டலமும் ஜிங்க் மாத்திரையும் இருப்பில் உள்ளனவா என்று அங்கத்தினர் மாதந்தோறும் கேட்டறியலாம். கிராம சபை கூடும் நாளில் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, மேலே கூறிய ஐந்து குறிகளையும் தந்தையரும் பாட்டிமாரும் கேட்கும்படி எடுத்துரைக்கச் செய்யலாம். ஏனெனில் தொட்டிலருகே தீர்ப்பளிப்பவர் பெரும்பாலும் இளந்தாய் அல்லர். தீர்ப்பளிக்கும் பெரியவர்கள் விஷயத்தை அறிந்தால், "பாலை நிறுத்து" என்ற சொல் நம் வீடுகளில் எழாது. வெளிறிய மலத்தைக் கண்ட அன்றே குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்.