மார்கழி விடியலில் நடக்கலாமா?

கேள்வி: மணலி புதுநகரில் குடியிருக்கிறோம். என் மாமனாருக்கு 68 வயது, வீசிங் உண்டு. மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலை ஐந்து மணிக்கே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவார். “இந்த மாசத்துல ஓசோன் கீழ இறங்கி வரும்மா, நுரையீரலுக்கு ரொம்ப நல்லது” என்கிறார். ஆனால் தை முடியும்வரை வீட்டில் இருமல் சத்தம்தான். கோடையில் இவ்வளவு இல்லை. செல்போனில் பார்த்தால் காற்றின் தரம் ‘திருப்திகரம்’ என்று காட்டுகிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகி, மணலி புதுநகர்

பதில்: அவருடைய இருமலை நம்புங்கள்.

மார்கழி ஓசோன் கதை வருடம் தவறாமல் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. ஓசோன் படலம் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எந்த மாதத்திலும் அது நம் வாசலுக்கு இறங்கி வருவதில்லை. தரையோரத்தில் நாம் சுவாசிக்கும் ஓசோன், வாகனப் புகையும் ஆலைப் புகையும் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது. அதனால் அது பகலில்தான் கூடும், விடியலில் குறைவாகவே இருக்கும். அப்படியே கிடைத்தாலும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும் வாயு அது. வீசிங் உள்ளவருக்கு ஆகவே ஆகாது.

விடியலில் மாமாவைப் படுத்துவது வேறு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வானம் தெளிந்துவிடும். இரவில் தரை சீக்கிரம் குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துத் தங்கிவிடும். அதற்கு மேலே வெப்பமான காற்று, பானைக்கு மூடி போட்டதுபோல் நிற்கும். வீசும் காற்றும் ஓய்ந்திருக்கும். ராத்திரி முழுக்கப் பொன்னேரி நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் புகை, அவை கிளப்பும் புழுதி, சாயங்காலம் தெருமுனையில் யாரோ கொளுத்திய குப்பை எல்லாமே மூக்கின் உயரத்திலேயே தேங்கி நிற்கும். பொதுவாக ஐந்திலிருந்து எட்டு மணிவரை அது மிகவும் அடர்த்தியாக இருக்கும். ஆலைகளும் லாரிகளும் வருடம் பூராவும்தான் ஓடுகின்றன. கோடையில் தரை கொதித்துக் காற்று மேலே எழும்புகிறது, புகை கலைகிறது. மார்கழியில் அதற்குப் போக வழியில்லை.

வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்பார்கள். பாதிதான் உண்மை. உயரமான புகைபோக்கிகளின் புகை இரவில் அந்த மூடிக்கு மேலே நிற்கும். காலையில் தரை சூடேறி மூடி கலையும்போது, மேலே நின்ற புகை கீழே இழுக்கப்படும். புகைபோக்கிகள் சூழ்ந்த உங்கள் பகுதியில் ஒன்பது, பத்து மணியையும் நான் நல்ல நேரம் என்று சொல்லமாட்டேன். மாலை நான்கு மணிக்கு நடக்கச் சொல்லுங்கள், நெடுஞ்சாலையை விட்டு உள்தெருக்களில். மஃப்ளர் குளிரைத்தான் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. காலையில் வெளியே போயே ஆகவேண்டும் என்றால் முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும்.

செல்போனில் பார்க்கும் ‘திருப்திகரம்’ பொய்யில்லை, ஆனால் மாமாவுக்கான பதில் அதில் இல்லை. நம் நாட்டுக் காற்றுத் தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரியை வைத்துப் போடப்படுகிறது. முந்தின நாள் மதியத்தின் நல்ல காற்று, இன்றைய விடியலின் கெட்ட காற்றை மறைத்துவிடும். மணலியிலேயே கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் மணிவாரி அளவில், நுண்துகளைக் குறிக்கும் பிஎம் 2.5 என்ற வரியைப் பாருங்கள். நம் நாட்டில் ஒரு நாள் சராசரிக்கான வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15. ‘திருப்திகரம்’ 60 வரை நீள்கிறது. நோயாளி உள்ள வீட்டுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமல்ல.

இன்னொன்றையும் கேட்கிறேன்: மாமா படுக்கும் அறையில் கொசுவர்த்திச் சுருள் எரிகிறதா? மழைக்குப் பின் கொசு பெருகும், பனிக்கு ஜன்னலைச் சாத்துவோம், கட்டிலடியில் சுருள் புகையும். ஒரே சுருள் வெளியிடும் நுண்துகள் குறைந்தது 75 சிகரெட் அளவு இருக்கும் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இன்றிரவே அதை நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டுங்கள். அறையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இன்ஹேலரை வழக்கத்தைவிட அதிகமாக எடுக்கிறார் என்றால் தை வரை காத்திருக்க வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நெஞ்சக நோய் மருத்துவரிடம் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-லேயே கடும் மாசுப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும், நேரம் பார்த்து மூச்சு விடும் பொறுப்பு ஒரு முதியவர் தலையில் விழுவது நியாயமே இல்லை. தெருவில் குப்பை எரிந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுங்கள், ஒவ்வொரு முறையும். போகி வருவதற்குள் அக்கம்பக்கத்தாரிடமும் பேசிவிடுங்கள். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் யாரும் கொளுத்த வேண்டாம். போகியன்று காலை மாமாவையும் வெளியே விடாதீர்கள்.